நகரத்துக்கு வீட்டைக் கொடுத்துவிடாதீர்கள், அண்ணா

மதிப்பிற்குரிய மூத்த அண்ணன் பாங் தெமாவ் அவர்களுக்கு, இளையவன் தெஷெங் இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் குய்லானும் அவளுடைய முழங்காலைத் தவிர மற்ற எல்லா விதத்திலும் சௌக்கியம். அங்கே தாங்களும், அண்ணியும், அண்ணியின் வாத்துகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தங்கள் பித்தப்பைக் கல் வெளியேறிவிட்டதா, இல்லை இன்னும் உள்ளேயேதான் குடியிருக்கிறதா என்பதையும் தெரியப்படுத்தவும்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். போன தடவை என் மூலவியாதியைப் பற்றி உங்களிடம் அந்தரங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ ஒருவர், "வெந்நீர்ல உக்காரச் சொல்லுங்க" என்று யோசனை சொன்னார். அது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தவிர, தபால் ஆபீசில் ஆயுள் பூராவும் ஊராருடைய கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துப் போட்டவன் நான். எனக்கு ஒரு விஷயம் முக்கியமென்றால் அதற்கு ஒரு கவர் இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். நகரத்தின் திட்டம் உங்கள் டவுன் வரைக்கும் வந்துவிட்டதாகவும், நகர வீட்டு நிறுவனத்துப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு சந்தையில் நோட்டீஸ் கொடுத்ததாகவும், நீங்கள் ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். வாங்கியது தப்பில்லை. மடித்து வைத்ததுதான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. நம் குடும்பத்தில் எதையும் மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தவர் யாருமில்லை. ஆகவே நீங்கள் அதைப் பிரித்துப் பார்ப்பதற்குள் எனக்கு நடந்தது முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நோட்டீசில் இருப்பது பொய்யில்லை, அண்ணா. நகரம் நம் பழைய வீட்டை வாங்கிக்கொள்ளும். அந்தப் பணத்தோடு கொஞ்சம் மேலே போட்டு, கட்டி முடித்தும் ஆள் வராமல் நிற்கிற புது அடுக்குமாடியில் நாம் ஒரு வீடு எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பழைய வீட்டை நகரமே இடித்துப் பூசிச் சீர்பண்ணி, சொந்த வீடில்லாத இளவட்டங்களுக்குக் குறைந்த விலையில் திருப்பி விற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய அண்டாவைப் போட்டுவிட்டுப் புது அண்டா எடுக்கிற மாதிரி. ஆனால் அண்டாவைப் போட்டவன் மறுநாள் போய் அதில் யார் சமைக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டைப் போட்டவன் பார்க்கிறான்.

எங்கள் பழைய வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வருஷப் பிறப்புக்கு வந்தபோது நாலாவது மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இங்கயே ஒரு தட்டு அனுப்பிடு" என்று சொன்னவர்தானே நீங்கள். லிஃப்ட் வைக்க நகரம் பாதிச் செலவை ஏற்கிறேன் என்று வந்தபோதும், தரைத்தளத்து வெய் தன் மிளகாய்த் தொட்டிகளுக்கு வெயில் மறைந்துவிடும் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் பலர் பின்வாங்கினார்கள். நான் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் சதுரங்கத்துக்கு வேறு ஆள் இல்லாததால் பேசாமலே ஆடினேன்.

போன வருஷக் கடைசியில் வழக்கம்போலக் குளிர்காலத்துக் கோஸ் வாங்கினோம். சாக்கை நான் முன்னால் பிடிக்க, குய்லான் பின்னால் தாங்க, ஐந்தாவது மாடி தாண்டியதும் சாக்கு கிழிந்தது. கோஸ்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், பெரிய மனிதர்கள் கல்யாண வீட்டிலிருந்து கிளம்புவதுபோலப் படியிறங்கிப் போயின. முதலில் போய்ச் சேர்ந்த கோஸ் வெய்யின் கதவைத் தட்டியது. அவன் கதவைத் திறந்து, கோஸை எடுத்துக்கொண்டு, மேலே பார்த்து நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். குய்லான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, இன்னும் நாலு படிதான்" என்றேன்.

"நீ போய்யா. நான் இனிமே இந்தப் படியிலதான் குடித்தனம். கோஸுக்கு இருக்கிற அறிவு கூட உனக்கு இல்ல. அதுக்கே கீழ போறதுதான் சுகம்னு தெரிஞ்சிருக்கு."

மறுநாள் அவளே நகர வீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டுவிட்டாள்.

வீட்டை மதிப்புப் போட வந்த பிள்ளையின் பெயர் தோங். மூக்குக்கண்ணாடி, ஒல்லி, பார்த்தால் இன்னும் பள்ளிக்கூடத்துப் பையைத் தேடுவான் போலிருந்தான். அவன் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. குய்லான் காலையிலிருந்து தரையைத் தேய்த்தாள், ஜன்னலைத் தேய்த்தாள், என்னையும் லேசாகத் தேய்த்தாள். நான், அவள் சட்டை மாற்றப் போன சமயம் பார்த்து, சமையலறையில் கோஸ் ஊறுகாய் ஜாடியின் கல்லை நகர்த்தி மூடியைத் திறந்து வைத்தேன். அந்த வாடைக்கு மீன் சந்தைப் பூனையே ஓடிப்போகும். அதோடு நிறுத்தவில்லை. தோங்கைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒவ்வொரு குறையாகக் காட்டினேன். மழைக்கு இந்த மூலை ஒழுகும். குளிர்காலத்தில் வெந்நீர்க் குழாய் முனகும். சமையலறைக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்தும். எதிர்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகு நாயனம் பழகுகிறார், இன்னும் கைவரவில்லை.

நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றான். "எல்லாரும் ஓட்டை மேல காலண்டரை மாட்டி மறைப்பாங்க. வாங்கினப்புறம் நாங்கதான் ஒவ்வொண்ணா தட்டித் தட்டிக் கண்டுபிடிக்கணும். நீங்க எங்க மேஸ்திரிக்குப் பாதி வேலையைக் குறைச்சிட்டீங்க." பிறகு மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தான். நான் நம்பிக்கையோடு காத்திருந்தேன். "இது கல்லு வெச்சு ஊறப்போட்ட கோஸ்தானே. எங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வாசனையை நான் பாக்கவே இல்ல."

அப்புறம் என்ன. குய்லான் அவனை உட்கார வைத்து, தினைக் கஞ்சி ஊற்றி, கோஸ் ஊறுகாயும் வைத்தாள். அவன் சாப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டத்தில் இடமிருந்த வரைக்கும் நல்ல விலையாகவே போட்டுவிட்டுப் போனான். கோபப்படக்கூட எனக்கு ஒரு காரணம் மிச்சம் வைக்கவில்லை.

"வீட்டை யாரும் கொல்லப் போறதில்ல மாமா" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது ஆறுதல் சொன்னான். "துணி மாத்திவிடப் போறோம், அவ்வளவுதான்."

புது வீடு இருபத்து மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து என்ன வேண்டும் என்று கேட்கும். கதவுக்குச் சாவி கிடையாது, முகத்தைக் காட்டினால் திறக்க வேண்டும். பல்செட் போட்டுக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் படம் பிடித்து வைத்துவிட்டார்கள். பல்செட் இல்லாமல் குப்பை கொட்டப் போனவனை அந்தக் கதவு யாரோ என்று நினைத்துவிட்டது. நான் சிரித்துக் காட்டினேன். தொப்பியைக் கழற்றினேன். கன்னத்தை உள்ளேயிருந்து நாக்கால் தள்ளிக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெண்மணி லிஃப்டிலிருந்து வந்தவள், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப லிஃப்டுக்குள்ளேயே போய்விட்டாள். கடைசியில் குய்லான் உள்ளேயிருந்து திறந்து, "ஏய்யா, கதவுகிட்டப் போய் மூஞ்சியைக் கோணிக் காட்டறே, அது என்ன உன் பேரப்பிள்ளையா" என்றாள். கழிப்பறை மூடியோ நாம் கிட்டே போனால் தானே எழுந்து நிற்கிறது. தபால் ஆபீசில் எனக்கு அவ்வளவு மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை, அதனால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் குய்லானுக்கு ராஜயோகம். லிஃப்டில் போகிறாள், லிஃப்டில் வருகிறாள். வந்த மாதத்திலேயே ஒரு சிவப்பு விசிறி வாங்கி, கீழே தோட்டத்தில் ஆடுகிற பெண்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். சாயங்காலமானால் முழங்காலுக்கு மருந்து கட்டிப் பிடித்துவிடும் இடத்துக்குப் போகிறாள். வரும்போது முகமெல்லாம் தெளிவு. நான்தான் வாடிப்போனேன், அண்ணா. மேலே யாரும் யாரோடும் பேசுவதில்லை. லிஃப்டில் ஒரு பெண் குரல் மட்டும் மாடி எண்ணைச் சொல்லும். ஒருநாள் நான் அதற்கு, "ஆமாம்மா, இதுதான் எங்க மாடி" என்று பதில் சொன்னதை ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் கேட்டுவிட்டாள்.

அதனாலே நான் பார்க்குக்குப் போய் மூச்சுப் பயிற்சி செய்வதாகக் குய்லானிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏற ஆரம்பித்தேன். பஸ் நேரே பழைய வீட்டு வாசலில் போய் நின்றால் அது என் குற்றமா. அங்கே வெய் தொட்டிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். நாங்க இரண்டு பேரும் கீழே சதுரங்கப் பலகையைப் போட்டுக்கிட்டு, மேலே என் வீட்டில் மேஸ்திரி ஆட்கள் என்ன பண்றாங்கன்னு காதைக் கொடுத்துக்கிட்டு இருப்போம். ஒருநாள் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை இடிச்சுப் போட்டுட்டாங்க. அந்தச் சுவரை எடுக்கணும்னு குய்லான் குடிவந்த நாளிலேருந்து சொல்லிக்கிட்டு இருந்தாள். எடுத்தா கட்டடமே விழுந்துடும்னு நான் சொல்லிக்கிட்டு இருந்தேன். எடுத்தாங்க. கட்டடம் நின்னுது. சமையலறை வரைக்கும் வெயில் வந்துது. இதை நான் குய்லானிடம் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் நகர நிறுவனம் வாங்க விரும்புகிறவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டியது. நானும் போனேன். வாசலில் தோங் நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, நீங்க இங்க எங்க?"

"சும்மா, காத்து வாங்க வந்தேன்."

"ஆறாவது மாடிக்கா?"

"இங்கதான் காத்து நல்லா வரும். அதையும் உன் குறிப்புல எழுதிக்கோ."

அவன் நல்ல பிள்ளை. சிரித்துவிட்டு உள்ளே விட்டுவிட்டான். அண்ணா, உங்களிடம் மறைப்பானேன், நான் போனது காற்று வாங்க அல்ல. வந்திருந்த இளசுகள் புதுப் பெயிண்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, மெதுவாக, ஒரு பெரியவருக்குரிய அக்கறையோடு குறைகளைச் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லை, எல்லாம் நான் அனுபவித்தவை. முதலில் ஒரு ஜோடி, "ஐயையோ, நாயனமா" என்று இறங்கிப் போனது. பிறகு இரண்டு மூன்று பேர் போனார்கள். யாரும் வாங்காவிட்டால் வீடு சும்மா கிடக்கும், சும்மா கிடந்தால் நான் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் என்னிடம் திட்டம் எதுவும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பெயர் ஹைலிங். முடியைக் கட்டையாக வெட்டி, வேலைக் கோட்டோடு, கையில் ஹெல்மெட்டோடு வந்திருந்தாள். நான் ஆரம்பித்தேன்.

"குளிர்காலத்துல வெந்நீர்க் குழாய் முனகும்மா."

"எங்கப்பாவும் முனகுவாரு மாமா. அது நின்னாத்தான் எனக்குத் தூக்கம் கலையும்."

"ஆறு மாடி ஏறணும்."

"நான் டவர் கிரேன் ஓட்டறேன். தினம் ஏணியில ஏறித்தான் சீட்டுக்கே போவேன். இது எனக்குத் தரை."

"எதிர்வீட்டுல நாயனம்."

"நாள் பூரா மேல ஒத்தையில உக்காந்திருக்கேன். காத்துச் சத்தத்தைத் தவிர வேற ஒண்ணும் கேக்கறதில்ல. யாராவது ஊதினா ஊதட்டுமே." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களும் வாங்க வந்தீங்களா மாமா?"

"நான் வித்தவன்" என்றேன்.

அவள் திரும்பி, வெயில் வந்த அந்தச் சமையலறையைப் பார்த்தாள். "இவ்வளவு குறை இருக்கிற வீட்டுல அப்புறம் எதுக்கு மாமா இத்தனை வருஷம் இருந்தீங்க?"

நான் விடுவிடுன்னு படியிறங்கிட்டேன், அண்ணா. நம்ம அப்பா திட்டும்போது நழுவுவோமே, அந்த மாதிரி.

ஆசைப்பட்டவர்கள் பல பேர் என்பதால் சீட்டுக் குலுக்கினார்கள். அதுக்கும் போனேன். எப்படியாவது இந்தக் கிரேன்காரிக்கு விழக்கூடாது, இவளை எதைச் சொல்லியும் கிளப்ப முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ எழுந்து நின்று பலமாகக் கை தட்டுகிறார்களே என்று பார்த்தால் நான்தான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன். குடிவந்த அன்னிக்கு அவளுக்கு மெத்தை, அடுப்பு, பீரோ என்று ஒவ்வொண்ணா வண்டியில் வந்துகிட்டே இருந்துது, அவளோ மேலே ஆகாயத்தில் இருக்கிறாள். யாராவது வாங்கி வைக்கணுமே. சாவியை வெய்யிடம் கொடுத்து, "காலையில மாமா வந்தா குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா வருவான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. அன்றிலிருந்து நான் காலையில் போறது, கேஸ்காரன் வந்தா கதவைத் திறக்கிறது, குழாய் முனகினா திருகைத் திருப்பி அதைச் சமாதானப்படுத்தறது, அவள் எனக்கென்று வைத்துவிட்டுப் போகிற டீயைக் குடிக்கிறது, குப்பையை எடுத்துக்கிட்டு இறங்கறது. குய்லானிடம் சொல்லக்கூடாதுன்னு ஹைலிங்கிடம் சத்தியம் வாங்கினேன். "அத்தைக்குத் தெரிஞ்சா என்ன மாமா?" என்றாள். "அவ ஆசைப்பட்டு வாங்கின வீடும்மா. எனக்கு அங்க பிடிக்கலைன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடும்" என்றேன். அவள் ஏனோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் சமையலறையில் ஒரு ஊறுகாய் ஜாடி. எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் அசல் குய்லான் கைப்பக்குவம். அந்தச் சமையலறையின் வாகு போலிருக்கிறது, யார் ஊறப்போட்டாலும் ஒரே ருசிதான் வரும் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். வெய்யிடமும் சொன்னேன். அவன் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நீ ஆடு" என்றான்.

இதற்கு நடுவில்தான் அந்த அநியாயம் நடந்தது. நகர நிறுவனம் எங்கள் கட்டடத்தில் எங்கள் வீட்டை மட்டுமா வாங்கியது. மேல்மாடிகளில் முழங்கால் போன அத்தனை பேருடைய வீட்டையும் வாங்கிவிட்டது. விற்காமல் கையில் இருக்கிற வீடுகளுக்கு அதுதான் சொந்தக்காரர், கையெழுத்தும் அதுதான் போடும். லிஃப்டுக்கு வேண்டிய கையெழுத்து சேர்ந்துவிட்டது. வெய் எப்படி ஒத்துக்கொண்டான் என்று கேட்பீர்கள். தோங் வந்து, "மாமா, உங்க மிளகாய்த் தொட்டியெல்லாம் மொட்டை மாடியில ஏத்தித் தந்துடறோம். அங்க நாள் பூரா வெயில். லிஃப்டுல போய்த் தண்ணி ஊத்திட்டு வாங்க" என்றானாம். உடனே போட்டுவிட்டான்.

"ஏண்டா பாவி" என்று கேட்டேன்.

"நீ ஒருநாளாவது மொட்டை மாடின்னு சொன்னியா" என்றான். "சண்டை போட்டே, பேசாம ஆடினே, என் தேரை வெட்டினே. மொட்டை மாடின்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

லிஃப்ட் இல்லையென்று வீட்டை விற்றோம். நாங்கள் விற்றதால் லிஃப்ட் வந்தது. லிஃப்டுக்குக் குழி தோண்டும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அண்ணா. வேலையாட்கள் எனக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய.

போன வாரம் ஒருநாள் பேய்க்காற்று. காற்றடித்தால் கிரேன் ஓடாது என்பது எனக்கு எங்கே தெரியும். நான் வழக்கம்போலப் போனால் ஹைலிங் வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, இன்னிக்குக் குப்பையை மட்டும் எடுத்துக்கிட்டுச் சீக்கிரம் கிளம்புங்க" என்று பையைக் கையில் திணித்தாள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நானும் இறங்கினேன். நாலாவது மாடித் திருப்பத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சாக, ஒரு அம்மாள் துணி மூடிய பாத்திரத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். குய்லான்.

இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"மூச்சுப் பயிற்சியா" என்றாள் அவள்.

"முழங்காலுக்கு மருந்து கட்டறது இங்கதானா" என்றேன் நான்.

"கையில என்னய்யா குப்பை?"

"பாத்திரத்துல என்ன?"

"கொழுக்கட்டை. பன்றிக்கறியும் வெங்காயத்தாளும். சூடாத்தான் இருக்கு." பிறகு அவளாகவே படியில் உட்கார்ந்தாள். "காத்துன்னு விசிறி ஆட்டம் இல்ல. அந்தப் பொண்ணுக்கு வேலையும் இருக்காதேன்னு போன் பண்ணிச் சொல்லிட்டுக் காலையிலயே கிளம்பினேன். வழக்கமாச் சாயங்காலந்தான் வருவேன்."

"எத்தனை நாளா?"

"அவ குடிவந்த வாரத்திலேருந்து. யாரு வாங்கினான்னு சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். சுவரை எடுத்துட்டாங்கய்யா. பாத்தியா? கட்டடம் விழலை."

"பாத்தேன்" என்றேன்.

நானும் குப்பைப் பையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்காலுக்காக விற்ற வீட்டுக்கு அந்த முழங்காலோடேயே நாள்தோறும் ஏறியிருக்கிறாள். வலிக்கவில்லையா என்று கேட்டேன். "ஏறும்போது வலிக்கறதில்ல" என்றாள். "இறங்கும்போதுதான்." பிறகு, "நீ அந்தக் கதவோட, கழிப்பறையோட எல்லாம் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தியா, உனக்குத்தான் புது வீடு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன். எனக்குப் பிடிக்கலைன்னா உன் மனசு உடைஞ்சு போயிடுமேன்னு சொல்லலை" என்றாள். இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். சிரிப்பு நிற்கவில்லை. எதிர்வீட்டு நாயனக்காரர் ஆறாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தன்னைத்தான் கேலி பண்ணுகிறோம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹைலிங் மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றிருந்தாள். "ரெண்டு பேரும் தனித்தனியா சத்தியம் வாங்கிட்டீங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல? காலையில மாமா சாப்பிட்டுப் போற ஊறுகாயைச் சாயங்காலம் அத்தை வந்து, 'என்னடி, இவ்வளவு சாப்பிடறே, வயித்துக்கு ஆகாது'ன்னு திட்டறாங்க" என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து கொழுக்கட்டை சாப்பிட்டோம். வெய்க்கும் ஒரு தட்டு அனுப்பினோம். எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காததற்காக அவனுக்கு இரண்டு குறைத்துத்தான் வைத்தாள் குய்லான்.

மறுநாள் நாங்கள் இருவரும் தோங்கிடம் போனோம். அந்தக் கட்டடத்தில் நகரத்தின் கையில் இன்னும் வீடு இருக்கிறதே, எங்களுக்கு ஒன்றைத் திருப்பி விற்கக்கூடாதா என்று கேட்டோம். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மாமா, அத்தை, அது நாற்பது வயசுக்குள்ள, சொந்த வீடே இல்லாதவங்களுக்கு மட்டும்தான். நீங்க அந்த ரெண்டுலயும் சேர மாட்டீங்களே" என்றான். குய்லான், "வயசை விடுப்பா, வீட்டை வேணா இவர் பேருக்கே முழுசா எழுதிடறேன். நான் வீடில்லாதவளாயிடறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான்.

ஆகவே அண்ணா, என் அனுபவத்தில் கண்டது இதுதான். நகரம் ஏமாற்றவில்லை. சொன்ன விலை கொடுத்தது, சொன்னபடி சீர்பண்ணியது, நல்ல பிள்ளைக்குத்தான் விற்றது. தப்பு அவர்கள் பக்கம் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. யாரையாவது திட்ட முடிந்தால் வீட்டை விற்றவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். எனவே அந்த நோட்டீசைப் பையிலிருந்து எடுத்து அண்ணியின் வாத்துக் கூண்டுக்கு அடியில் விரித்துவிடுங்கள். உங்கள் வீடு இரண்டாவது மாடி. ஓட்டை இருந்தால் வாளி வையுங்கள். மஞ்சள் தொப்பிப் பிள்ளைகள் வந்தால் கஞ்சி ஊற்றாதீர்கள், ஊறுகாய் ஜாடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மூத்தவருக்கு நான் புத்தி சொல்வதாக நினைக்க வேண்டாம். பட்டவன் சொல்கிறேன்.

பெரியவர்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். தங்கள் வாழ்வு தென்மலைப் பைன் மரம்போல் நிமிர்ந்திருக்கட்டும், பித்தப்பை தெளிந்திருக்கட்டும், வீடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

என்றும் தங்கள் சொல் தட்டாத இளையவன்,
பாங் தெஷெங்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்காகக் குய்லானிடம் பசை கேட்டேன். யாருக்கு என்ன கடிதம் என்று வாங்கிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "தபால்தலையை வீணாக்காதே. உங்க அண்ணன் போன மாசமே கையெழுத்துப் போட்டாச்சு" என்றாள். அண்ணியும் அவளும் ஸ்பீக்கரில் பேசித்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தார்களாம். எங்கள் புதுக் கட்டடத்திலேயே, எங்களுக்கு நேர் கீழே, இருபத்து இரண்டாவது மாடியாம். எனக்குச் சொன்னால் இப்படி ஒரு கடிதம் எழுதிவிடுவேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டாம் என்றீர்களாம். வாத்துகளை லிஃப்டில் ஏற்றலாமா என்று தோங்கிடம் விசாரித்துவிட்டேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். ஆகவே மேலே எழுதியிருக்கும் எதையும் பொருட்படுத்த வேண்டாம். வீடு அருமையான வீடு, காற்றுக்குப் பஞ்சமில்லை, உடனே கிளம்பி வாருங்கள். ஒரே ஒரு வேலை மட்டும் செய்துவிட்டு வாருங்கள். உங்கள் பழைய வீட்டை நகரம் யாருக்கு விற்கிறது, அவர்கள் நன்றாகச் சமைப்பவர்களா என்று விசாரித்து வையுங்கள். தினமும் பஸ் பிடித்துப் போகப்போகிறவர்கள் இனிமேல் நாம் நாலு பேர்.